உடுக்காத துணிகள்

கொழும்பு மாநகரில் மருதானைச் சந்தியைக் கடந்து செல்லாதார் மிகச் சிலரே. காலை வேளையில் புகையிரத நிலையத்திலிருந்து வெளிவரும் பெருங்கூட்டத்தைக் காண்போர்க்குத் துணி என்பது மனிதர் உடுப்பதற்கென்றே உண்டான பொருள் என்று தோன்றும். சேலை, சாரம், காற்சட்டை, பாடசாலைப் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை என்று உடுத்த துணியே எங்கும் காட்சி தரும். ஆயின் அதே சந்தியில், எவரும் உடுக்காத துணி எவ்வளவு உண்டென எண்ணிப் பார்ப்பவர் அரியர்.

சந்தியில் வந்து நிற்கும் பேருந்தை எடுத்துக்கொள்வோம். அதன் சக்கரத்திலுள்ள தயர் வெறும் றப்பரன்று. றப்பர் மட்டும் இருப்பின், காற்றடைத்தவுடன் அது குழந்தைகளின் பலூனைப் போலப் புடைத்துவிடும். றப்பரின் உள்ளே பாய்போலப் பரப்பப்பட்டிருக்கும் நைலோன் நூலோ உருக்குக் கம்பியோதான் அதன் வடிவைக் காத்துப் பாரத்தையும் தாங்குகின்றது. அருகிலுள்ள பஞ்சிகாவத்தையில் மோட்டார் உதிரிப்பாகம் விற்கும் கடைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அங்கே தொங்கும் விசிறிப் பட்டியின் உள்ளே நூல் உண்டு. எண்ணெய் வடியும் காற்று வடியும் நார்த்தாளினாலோ துணியினாலோ ஆனவை. ஆசனப்பட்டி நெய்த பட்டியே. சற்றுத் தொலைவில் உள்ள தேசிய வைத்தியசாலையில் புண்ணின்மேல் வைக்கும் வலைத்துணியும், சத்திரசிகிச்சை செய்வோர் முகத்தை மறைக்கும் கவசமும், அறுத்த இடத்தைத் தைக்கும் நூலும் துணியினமே. மழைக்கு லொறியை மூடும் தார்ப்பாய், அரிசி வந்திறங்கும் சாக்கு, மீனவர் வலை ஆகிய யாவும் இவ்வினத்தைச் சேர்ந்தனவே.

அழகுக்காகவோ உடுப்பதற்காகவோ அன்றி, குறித்த ஒரு வேலையைச் செய்து முடிப்பதற்காக ஆக்கப்படும் துணியைத் தொழில்நுட்பத் துணி என்று வழங்குவர். ஜேர்மனியின் பிராங்க்பேர்ட் நகரில் 1986 ஆம் ஆண்டு முதல் இதற்கெனவே ஒரு கண்காட்சி நடைபெற்று வருகின்றது. அங்கே இத்துணிகளை அவற்றின் பயன் கருதிப் பன்னிரண்டு பிரிவுகளாக வகுத்துள்ளனர். வேளாண்மை, கட்டடம், நிலமும் வீதியும், மருத்துவம், வாகனம், பொதியிடல், பாதுகாப்பு, விளையாட்டு, சுற்றாடல் முதலியன அப்பிரிவுகளுட் சில. இவ்வளவு பரந்த இத்துறையில், இலங்கை போன்ற வளர்முக நாடொன்றுக்கு இடமுண்டா, உண்டாயின் எங்கே தொடங்குவது என்பதே ஈண்டு ஆராயத்தக்க வினா.

முதலில், உடுக்கும் துணிக்கும் உடுக்காத துணிக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக அறிதல் வேண்டும். சேலை வாங்குபவர் கண்ணாற் பார்க்கிறார். விரலாற் தொட்டுப் பார்க்கிறார். நிறமும் கரையும் மனத்துக்குப் பிடித்தால் வாங்குகிறார். வீதி அமைக்கும் பொறியியலாளர் அவ்வாறு வாங்க இயலாது. அவர் கேட்கும் கேள்விகள் வேறு. ஒரு மீற்றர் அகலமுள்ள துண்டு எத்தனை கிலோநியூட்டன் இழுவையைத் தாங்கும்? அறுமுன் எவ்வளவு நீளும்? அதன் கண்கள் எத்தனை மில்லிமீற்றர்? நீர் எவ்வளவு விரைவில் ஊடே செல்லும்? வெயிலிலும் ஈரத்திலும் கிடந்தால் ஓராண்டின் பின் அதன் வலிமையில் எத்தனை வீதம் எஞ்சும்? இக்கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் விடை ஓர் எண். சுருங்கக் கூறின், உடுக்கும் துணி கண்ணுக்கு விற்கப்படுகிறது. உடுக்காத துணி எண்ணுக்கு விற்கப்படுகிறது.

இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். புறக்கோட்டையிலுள்ள கயிற்றுக்கடை ஒன்றைக் கற்பனை செய்து பார்க்கலாம். "முதலாளி, இந்தக் கயிறு எவ்வளவு பாரம் தாங்கும்?" என்று ஒருவர் கேட்கிறார். "நல்லாத் தாங்கும் ஐயா, பயப்படாமல் கொண்டு போங்கோ" என்று விடை வருகின்றது. மாட்டைக் கட்டுவதற்கு அவ்விடை போதும். கிணற்று வாளிக்கும் போதும். மலைச்சரிவில் வீதியைத் தாங்க வேண்டிய பொருளுக்கு அவ்விடை போதாது. கயிறு நல்லதாகவே இருக்கலாம்; கடைக்காரரும் நேர்மையானவராகவே இருக்கலாம். எனினும் எண் இல்லாதவிடத்துப் பொறியியலாளரின் திட்டவரைபில் அக்கயிற்றுக்கு இடமில்லை. வளர்முக நாடுகளின் இடர்ப்பாடு பெரும்பாலும் இந்த ஓரிடத்தில்தான் இருக்கின்றது. அங்கே நாரும் உண்டு, கையும் உண்டு, எண் இல்லை.

தொழிலுக்குத் துணியையும் நாரையும் பயன்படுத்துவது இந்துசமுத்திரக் கரையோர மக்களுக்குப் புதிதன்று. பதினான்காம் நூற்றாண்டில் மாலைதீவிலும் இலங்கையிலும் தங்கிச் சென்ற இபுனு பதூதா, தென்னந்தும்புக் கயிற்றினாற் கப்பற் பலகைகளைத் தைக்கும் வழக்கத்தைத் தம் பயணக் குறிப்பில் விரித்துரைத்துள்ளார். இரும்பாணி அறைந்த கலம் பாறையில் மோதினால் உடையும்; கயிற்றினாற் தைத்த கலமோ வளைந்து கொடுக்கும் என்பது அக்காலத்து மாலுமிகளின் அனுபவம். ஆங்கிலேயர் தென்னந்தும்பைக் குறிக்க வழங்கும் 'கொயர்' என்ற சொல்லும் மலையாளத்துக் 'கயர்' என்பதிலிருந்து பிறந்ததே. அது தமிழ்க் 'கயிறு' என்பதன் உடன்பிறப்பு.

மேனாட்டார் இத்துறைக்குள் வந்த வகையும் அறியத்தக்கது. 1926 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தென் கரோலினா மாநில வீதித் திணைக்களம் பருத்தித் துணியை வீதியின்மீது விரித்துத் தாரூற்றிப் பரீட்சை செய்தது. துணி இட்ட இடங்களில் வெடிப்பும் சிதைவும் குறைந்தன. ஆயினும் பருத்தி மண்ணில் நெடுங்காலம் நில்லாது. 1953 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வடகடல் பொங்கி நெதர்லாந்தில் 1,800 பேருக்கு மேல் மாண்டனர். அதன்பின் அந்நாட்டார் கடலை அடைக்கும் பெருந்திட்டத்தை மேற்கொண்டபோது, நைலோன் முதலிய செயற்கை நாராற் செய்த பைகளையும் விரிப்புகளையும் கடலடியில் இட்டனர். நீரைப் போகவிட்டு மணலைத் தடுத்து நிறுத்தும் துணி அவர்களுக்கு வேண்டியிருந்தது. அவ்வாறு வளர்ந்ததே இன்று 'ஜியோடெக்ஸ்டைல்' எனப்படும் இனம். அதனைத் தமிழில் நிலத்துணி எனலாம்.

நிலத்துணி செய்யும் வேலை யாது? சேற்று நிலத்தில் வீதி அமைப்பதாயின் முதலிற் சல்லி கொட்டப்படும். சேற்றின்மேற் கொட்டிய சல்லி, வாகனம் ஓட ஓடக் கீழே அமிழும். சேறு மேலே வரும். சில மாதங்களிற் சல்லியும் சேறாகிவிடும். இடையே ஒரு துணியை விரித்தால் சல்லி மேலும் சேறு கீழுமாகப் பிரிந்தே நிற்கும். நீர் மட்டும் துணியினூடே வடிந்து செல்லும். பிரித்தல், வடித்தல், நீர் கடத்தல், வலுவூட்டல், காத்தல் என்னும் ஐந்து தொழில்களையும் துணி நிலத்துக்குள் மறைந்திருந்து செய்கின்றது. 2013 ஒக்டோபரில் திறக்கப்பட்ட கொழும்பு–கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலை முத்துராஜவெலச் சதுப்பின் மென்னிலத்தின் வழியே செல்கின்றது. அத்தகைய நிலத்தில் வீதியைச் சமைப்பதாயின் முதலிற் செய்ய வேண்டியது, மண்ணிலுள்ள நீரை வடித்து அதனை உறுதியாக்குதல் என்பதைப் பொறியியலாளர் நன்கறிவர்.

இவ்வாறு வீதிகளுக்கு வேண்டும் துணி பெரும்பாலும் மண்ணெண்ணெயின் இனத்துப் பொருள்களிலிருந்து செய்யப்படும் செயற்கைத் துணி. அது இலங்கைக்குப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வருகின்றது. இலங்கையிலிருந்து வெளிநாடு செல்வது எது? தென்னந்தும்பு.

இலங்கையில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 250 கோடி முதல் 300 கோடி வரை தேங்காய் விளைகின்றது. குருணாகல், புத்தளம், கம்பஹா ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய தென்னை முக்கோணமே அதன் முதன்மையான நிலம். மட்டையின் நிறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே தும்பு, எஞ்சியது தூள். முக்கோணத்து ஆலைகளில் ஊறிய மட்டையை முள் பதித்த இரட்டை உருளைகளில் இட்டு நீண்ட தும்பையும் குறுந்தும்பையும் பிரித்தெடுப்பர். இவ்வுருளைகள் பிறநாட்டு நூல்களிலும் 'சிலோன் ட்ரம்' என்றே குறிக்கப்படுகின்றன. நீண்டது தூரிகைக்கும் தும்புத்தடிக்கும் ஆகும். குறுகியது மெத்தைக்கு ஆகும். காலி, மாத்தறைக் கரையோரத்திலோ பச்சை மட்டையைக் கழிமுகங்களிற் பல மாதம் ஊறவிட்டு, பெண்கள் கையால் அடித்து வெண்தும்பு எடுத்துக் கயிறு திரிப்பர். 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் கடற்கோள் அக்கரையோரத்தைத் தாக்கியபோது, அவர்களுடைய மட்டைக் குழிகளும் திரிகைகளும் அழிந்தன. பலர் மீண்டும் அத்தொழிலுக்குத் திரும்பினர், பலர் திரும்பவில்லை. திரிக்கும் கயிற்றுக்கு நிறையளவிற் கிடைக்கும் கூலி சொற்பம் என்பதே அதன் முதற்காரணம்.

இத்தும்பிலே ஒரு தனிச்சிறப்பு உண்டு. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருள் இதில் மற்றை நார்களினும் மிகுதி. அதனாற் சணல் ஓரிரண்டு ஆண்டில் மக்கிப்போகும் மண்ணிலே தென்னந்தும்பு மேலும் சில ஆண்டுகள் நின்று பிடிக்கும். உப்புநீரும் அதனை எளிதில் அழிப்பதில்லை. ஆனால் அது என்றென்றும் நிலைத்திருப்பதுமில்லை. முதலிற் குறைபாடுபோலத் தோன்றும் இவ்வியல்புதான் சில வேலைகளுக்கு இன்றியமையாத குணமாகின்றது.

மலைச்சரிவில் புதிதாக வீதி வெட்டப்படுகிறது என வைத்துக்கொள்வோம். செடிகொடி நீங்கிய செம்மண் வெறுமையாக நிற்கின்றது. முதல் மழையின் துளி மண்ணைக் குத்திக் கிளப்புகின்றது. ஓடும் நீர் அதனை அள்ளிச் செல்கின்றது. சிறு வாய்க்கால் பெருவாய்க்காலாகின்றது. அச்சரிவின்மேல் தென்னந்தும்புக் கயிற்றாற் பின்னிய வலைப்பாயை விரித்து முளை அடித்து இறுக்கினால், ஒவ்வொரு கயிறும் ஒரு சிறு வரம்பாகி நீரின் விசையைத் தணிக்கின்றது. கண்களின் இடையே விதைத்த புல் முளைக்கின்றது. ஈரத்தைத் தும்பு தேக்கி வைத்து வேருக்கு ஊட்டுகின்றது. இரண்டு மூன்று மழைக்காலம் கழிந்தபின் பாய் மக்குகின்றது. அதற்குள் வேர் மண்ணைப் பற்றிக்கொள்கின்றது. செயற்கை வலையாயின் அது மக்காமற் கிடந்து மண்ணுக்கும் நீருக்கும் சுமையாகும். தும்புப்பாயோ தன் வேலை முடிந்தவுடன் மண்ணோடு மண்ணாகின்றது. ஒரு சதுரமீற்றருக்கு 400, 700, 900 கிராம் என்னும் நிறைகளில் இப்பாய்கள் உலகச் சந்தையில் வழங்குகின்றன.

மலைநாட்டு மக்களுக்கு இது கேட்டு மறக்கும் செய்தியன்று. மண்ணரிப்பின் கேட்டை உணர்ந்தே 1951 ஆம் ஆண்டில் மண்காப்புச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்து லயன்களை மலைமண் மூடியது. 2016 மே 17 ஆம் நாள் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களைப் புதைத்தது. ஈண்டு ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. நிலத்தின் ஆழத்திலிருந்து பெயர்ந்து வரும் அத்தகைய பெருஞ்சரிவைத் தும்புப்பாய் தடுக்க மாட்டாது. அதற்கு வடிகாலும், தாங்குசுவரும், எல்லாவற்றினும் மேலாக மக்களைக் காலத்தோடு பாதுகாப்பான இடத்திற் குடியேற்றுதலும் வேண்டும். தும்புப்பாய் காப்பது மேல்மண்ணை. ஆயின் வெட்டிவிட்ட வீதியோரங்களும், வெறுமையான தேயிலைச் சரிவுகளும், உடைந்த வாய்க்காற் கரைகளும் ஆண்டுதோறும் சிறுகச் சிறுக இழக்கும் மண்ணும் சிறிதன்று. அம்மண் குளத்தைத் தூர்க்கின்றது, பயிரை மெலிவிக்கின்றது. எந்தத் துணி எதனைச் செய்யும், எதனைச் செய்யாது என்று வரையறுத்துக் கூறுவதே இத்துறையின் முதற் பாடம்.

தும்பின் பயன் மேற்பரப்போடு நிற்பதன்று. 1980களிற் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் தென்னந்தும்புக் கயிறுகளைச் சணற்துணியிற் பொதிந்து, மென்களிமண்ணிற் செங்குத்தாக இறக்கும் வடிகாலாக ஆக்கிப் பரீட்சித்தனர். களிமண்ணிலுள்ள நீர் அதன்வழி மேலேறி வெளியேற, நிலம் இறுகுகின்றது. நிலம் இறுகியபின் வடிகாலுக்கு வேலையில்லை. அது மக்கினாலும் இழப்பில்லை. தென்னந்தோப்புப் பெரிதும் இல்லாத ஒரு சிறு நகரநாடு தென்னந்தும்பைக் கொண்டு இதனை ஆராய்ந்தது. தும்பு அங்கே விளைந்ததன்று; ஆய்வுகூடமும் அளவுகோலும் அங்கே இருந்தன.

வளர்முக நாடொன்று இக்கைத்தொழிலை வளர்க்கும் வழியைக் காண்பதற்கு மூன்று எடுத்துக்காட்டுகள் துணைபுரியும். ஒன்று கொழும்பிலேயே உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளவத்தையில் ஒரு நூற்பு நெசவாலை எழுந்தது. பல தலைமுறையாக அதன் சங்கொலிக்கு எழுந்து வேலைக்குச் சென்றோர் பலர். அதற்கு வேண்டிய பருத்தி நாட்டிற் போதிய அளவு விளையவில்லை. நெய்த துணியும் வேறெங்கும் நெய்யப்படும் துணியைப் போன்றதே. 1977 ஆம் ஆண்டின் பின் இறக்குமதித் துணி சந்தையில் நிறைந்தபோது உள்நாட்டு ஆலைகளும் கைத்தறிகளும் தளர்ந்தன. இன்று அவ்வாலை நின்ற இடத்தில் 'ஹெவ்லொக் சிட்டி' என்னும் மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. பிறநாட்டு மூலப்பொருளைக் கொண்டு, பிறர் மலிவாகச் செய்யும் அதே பொருளைச் செய்வதாயின், காப்புவரி நீங்கும் நாளிற் தொழிலும் நீங்கும் என்பது அவ்விடம் கற்பிக்கும் பாடம்.

அதன்பின் எழுந்த ஆடைக் கைத்தொழில் வேறு வகையானது. அது உலகச் சந்தையை நோக்கித் தைத்தது. 2005 ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பன்னாட்டு ஒதுக்கீட்டு முறை முடிவுற்றபோது அது அழிந்துவிடும் என அஞ்சினோர் பலர். அது அழியவில்லை, தரத்தினாலும் நேரந்தவறாமையினாலும் நிலைத்தது. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர், அவருட் பெரும்பாலோர் இளம்பெண்கள், அதில் உழைக்கின்றனர். ஆயினும் அவர்கள் தைக்கும் துணியில் மிகுதியானது வெளிநாட்டிலிருந்தே வருகின்றது. ஈட்டும் டொலரிற் பெரும்பகுதி துணி வாங்குவதற்கே திரும்பிச் செல்கின்றது. உடுக்கும் துணி ஒன்றையே நம்பி நிற்கும் நாடு, பிறநாட்டார் உடை வாங்குவதைக் குறைக்கும் ஒவ்வொரு முறையும் நடுங்க வேண்டியிருக்கின்றது.

இரண்டாவது எடுத்துக்காட்டுக் கோயம்புத்தூர். அங்கே 1956 ஆம் ஆண்டிற் தென்னிந்திய நெசவு ஆராய்ச்சிச் சங்கம் தோன்றியது. சுருக்கமாகச் 'சிற்றா' என அதனைக் கூறுவர். பஞ்சாலைகளுக்கு உதவத் தோன்றிய அந்நிறுவனம் பிற்காலத்தில் மருத்துவத் துணிகளுக்கான சிறப்பு நிலையத்தையும் அமைத்தது. 2020 ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கொரோனாப் பெருநோய் பரவியபோது, மருத்துவர் அணியும் முழுவுடற் கவசம் இந்தியாவில் ஏறத்தாழச் செய்யப்படவேயில்லை. தையற்காரர் இருந்தனர், துணியும் தேடினாற் கிடைத்தது. ஆனால் எந்தத் துணி நோயாளியின் குருதியை ஊடே விடாது என்று எவர் கூறுவது? செயற்கைக் குருதியை அழுத்தத்தோடு துணியின்மேற் செலுத்தி, அது ஊறி வருகிறதா எனச் சோதிக்கும் கருவி கோயம்புத்தூரில் இருந்தது. நாட்டின் பல பாகத்திலிருந்தும் துணி மாதிரிகள் அங்கே வந்தன. தேறியவை நெய்யப்பட்டன, தேறாதவை ஒதுக்கப்பட்டன. சில மாதங்களுக்குள் நாளொன்றுக்கு இலட்சக்கணக்கான கவசங்கள் அந்நாட்டில் உற்பத்தியாயின. இலங்கையின் ஆடைத் தொழிற்சாலைகளும் அவ்வாண்டிற் கவச உடையும் முகக்கவசமும் தைத்து உலகுக்கு அனுப்பின. தைக்கும் கை ஏற்கெனவே உள்ளவிடத்து, சோதிக்கும் கருவி ஒன்று சேர்ந்தவுடன் புதிய தொழில் எத்துணை விரைவில் எழும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது எடுத்துக்காட்டுத் தென்னந்தும்பைப் பற்றியதே. இந்தியாவிற் கயிற்றுக் கைத்தொழிற் சட்டம் 1953 ஆம் ஆண்டிற் பிறந்தது. 1959 இற் கேரளத்து ஆலப்புழைக்கு அருகே களவூரில் மத்திய கயிற்று ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. பலகாலம் மண்ணிலும் மழையிலும் பரீட்சித்த பின்னர், 2008 இல் தும்பு நிலத்துணிக்கு இந்தியத் தரவிதி வெளியாயிற்று. அதில் இத்துணிக்குப் 'பூவஸ்திரம்', அதாவது பூமியின் ஆடை, என்று பெயரிட்டனர். அதன்பின் கேரளத்திற் குளக்கரைகளையும் வாய்க்காற் கரைகளையும் ஊரக வேலைத்திட்டத்தின்கீழ் இத்துணியால் மூடினர். 2020 ஆம் ஆண்டில் ஏழு மாநிலங்களில் 1,674 கிலோமீற்றர் கிராம வீதிகளுக்கு இதனைப் பயன்படுத்த இந்திய அரசு முடிவு செய்தது. அவற்றுள் 369 கிலோமீற்றர் தமிழ்நாட்டுக்குரியது. அவ்வாண்டிலேயே 1,480 கோடி இந்திய ரூபாய் மதிப்பீட்டிற் தொழில்நுட்பத் துணிகளுக்கென ஒரு தேசியத் திட்டமும் அங்கீகாரம் பெற்றது.

இந்நிகழ்ச்சிகளின் ஒழுங்கை நோக்குக. முதலில் ஆராய்ச்சி, அதன்பின் தரவிதி, அதன்பின் அரசே வாங்குதல். தும்பு தொன்றுதொட்டு அங்கே இருந்தது. அது வீதிக்குள் நுழைவதற்கு வழி திறந்தது தரவிதி என்னும் திறவுகோலே. அவ்வழி திறக்க அரை நூற்றாண்டு சென்றது என்பதும் உண்மை. பின்னே வருவோர்க்கு அவ்வளவு காலம் வேண்டியதில்லை. முன்னே சென்றவரின் அனுபவம் அவர்க்குக் கைவிளக்காகும்.

இலங்கையில் இதற்கு வேண்டிய உறுப்புகள் தனித்தனியே உள்ளன. லுணுவிலையில் 1929 முதல் தென்னை ஆராய்ச்சி நடைபெறுகின்றது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நெசவுப் பொறியியற் துறை உண்டு. மண்சரிவை ஆராயத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உண்டு. 2008 இற் தொடங்கிய இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனம் ஹோமாகமவில் இயங்குகின்றது. றப்பர் நாட்டின் சொந்தப் பொருள். திண்மத் தயர் ஏற்றுமதியில் இலங்கை உலகில் முன்னிலை நாடுகளுள் ஒன்று. யாழ்ப்பாணத்துக் குருநகரில் அரசின் வடகடல் நிறுவனத்துக்கு மீன்வலைத் தொழிற்சாலை உண்டு. நேரந்தவறாது தைக்கும் கைகள் இலட்சக்கணக்கில் உண்டு. உறுப்புகள் உள, அவற்றை ஓருடலாகப் பிணைக்கும் நரம்பு வேண்டும்.

அந்நரம்பு யாதெனின், அரசு தன் வேலைகளுக்குத் தானே வாங்குதல். வீதியும் வாய்க்காலும் புகையிரதப் பாதையும் அணைக்கட்டும் பெரும்பாலும் அரசினுடையவை. மேல்மண்ணைக் காக்க வேண்டிய இடங்களிற் குறித்த தரமுள்ள உள்நாட்டுத் தும்புப்பாயையே இடவேண்டும் என்று ஒப்பந்தங்களில் ஒரு வரி சேர்க்கப்படுமாயின், ஆலைகளுக்கு நிலையான சந்தை பிறக்கும். பிறநாட்டு வாங்குநர் எப்போதும் கேட்பது, "உங்கள் நாட்டில் இதனை எங்கே இட்டிருக்கிறீர்கள்? எத்தனை ஆண்டாக நிற்கிறது?" என்பதே. தன் மலையில் இட்டுக் காட்டாத நாடு, பிறர் மலைக்கு விற்க இயலாது.

இதில் அபாயங்களும் உள. சோதனையின்றி அரசு வாங்கத் தொடங்கினால், மட்டமான பாய் மலையேறும்; முதல் மழையில் அது கிழிந்தாற் பழி தும்பின்மேல் விழும்; பத்தாண்டுக்கு எவரும் அதனைத் தொடார். ஆகவே சோதனை முந்த வேண்டும். கொள்முதல் பிந்த வேண்டும். மட்டை ஊறும் நீரினாற் கழிமுகம் மாசுறுதலும், ஆலைத்தூசு தொழிலாளரின் சுவாசத்தைக் கெடுத்தலும் கருதப்பட வேண்டியவை. மட்டைத்தூள் ஒருகாலத்தில் மலைபோற் குவிந்து கிடந்த கழிவு. இன்று அது பயிர் வளர்க்கும் ஊடகமாகப் பல நாடுகளுக்கும் ஏற்றுமதியாகின்றது. கழிவையும் பொருளாக்கலாம் என்பதற்கு அதுவே சான்று.

யாவற்றினும் முக்கியமானது கூலி. தரவிதி வந்தவுடன், கயிறு ஒரே பருமனாக இருக்க வேண்டும், முறுக்கு ஒரே அளவாக இருக்க வேண்டும் என்ற கட்டளை திரிப்போரை வந்தடையும். காலிக் கரையோரத்துப் பெண் அதிக கவனத்தோடு திரிக்க வேண்டும். பழுதானது திருப்பி அனுப்பப்படும். அவளுக்கு மட்டும் பழைய நிறைக்கணக்கிலே கூலி என்றால், அவள் திரிகையை விட்டெழுந்து வேறு வேலைக்குச் செல்வாள். அவளைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. துணியின் எண் உயரும்போது திரிப்பவரின் கூலியும் உயர வேண்டும். மோட்டார் பூட்டிய திரிகையும், கூட்டுறவு முறையிற் கொள்முதலும், தரத்துக்கேற்ற விலைப்பட்டியலும் அதற்கான வழிகள். உழைப்போரை வறுமையில் வைத்து வளரும் கைத்தொழில் வேர் விடாது. மலைச்சரிவிற் புல் வேரூன்றுமுன் பாய் மக்கிப்போனது போலாகும்.

எங்கே தொடங்குவது என்ற வினாவுக்கு இனி விடை கூறலாம். எல்லாவற்றையும் ஒருங்கே செய்ய முயல்வது பேதைமை. செயற்கை நார் பெருக்கும் பேராலைகளை உடனே நிறுவப் பெருமுதல் வேண்டும். தன் நிலத்தில் விளையும் நாரையும், தன் மக்கள் ஏற்கெனவே அறிந்த தொழிலையும், தன் நாட்டுக்கே அவசரமாக வேண்டிய தேவையையும் ஒருங்கே வைத்துப் பார்த்து, இம்மூன்றும் கூடுமிடத்திற் தொடங்குவதே அறிவுடைமை. இலங்கையில் அவ்விடம் தென்னந்தும்பு நிலத்துணி. அடுத்து வருவன மருத்துவத் துணியும் பாதுகாப்பு உடையும். அவற்றுக்குத் தையற்கை ஆயத்தமாக உள்ளது. அதற்கும் அடுத்ததாக றப்பரோடு கூடிய துணிகள் வரலாம்.

மருதானையில் 1893 ஆம் ஆண்டு முதல் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி இயங்கி வருகின்றது. அதன் வாயிலினூடே பல தலைமுறை மாணவர் உள்ளே சென்று, அளவுகோலையும் நுண்மானியையும் பிடிக்கக் கற்று வெளியே வந்துள்ளனர். நாட்டின் பாலங்களையும் புகையிரதங்களையும் மின்கம்பிகளையும் பேணியவர்கள் அவர்களுட் பலர். ஒரு துண்டுத் தும்புப்பாயைக் கருவியிற் பூட்டி இழுத்து, அது எந்த எண்ணில் அறுகின்றது என்று குறித்துக்கொள்ளும் வேலைக்குப் பெரிய அறிஞர் வேண்டியதில்லை. பொறுமையும் நேர்மையும் பயிற்சியும் உள்ள ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ போதும். அவர் நாட்குறிப்பில் எழுதும் அவ்வெண்ணே காலியிற் கயிறு திரிக்கும் பெண்ணின் உழைப்பைப் பொறியியலாளரின் திட்டவரைபுக்குக் கொண்டு சேர்க்கும். அங்கிருந்து மலைநாட்டுச் சரிவுக்கும் கொண்டு சேர்க்கும். உடுக்காத துணியை நெய்யும் கைத்தொழில் இலங்கையிற் தொடங்க வேண்டிய இடம் அச்சோதனை மேசையே ஆகும்.